பிப்ரவரிக்கு மட்டும் ஏன் 28? 1900 ஏன் லீப் வருடம் இல்லை?

நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அப்புறம் 1900 ஏன் லீப் வருடம் இல்லை, 2000 மட்டும் எப்படி ஆனது, கூடுதல் நாளைச் சொருக பிப்ரவரிதான் கிடைத்ததா, நம் பஞ்சாங்கத்தில் லீப் வருடம் என்ற பேச்சே இல்லையே, அது எப்படி ஓடுகிறது? கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 நொடி ஆகிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாளைச் சேர்த்தால் வருடத்துக்கு 6 மணி நேரம் சேர்த்ததாகக் கணக்கு, அதாவது தேவைக்கு மேல் சுமார் 11 நிமிடம். 11 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அது 128 வருடத்தில் ஒரு நாளாகிவிடும். 400 வருடத்துக்கு மூன்று நாள் வெட்டினால் ஏறக்குறைய சரியாகிவிடும் என்பதால், நூற்றாண்டு வருடங்களில் 400ஆல் வகுபடாதவற்றை விட்டுவிட்டார்கள். 1700, 1800, 1900 போயின. 1600, 2000 தப்பின. 2100 போகும். இப்படி வெட்டிய பிறகும் மிஞ்சும் பிழை ஒரு நாளாகச் சேர மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும்.

அவ்வளவுதான் கணக்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் இது ஐரோப்பா முழுக்க அமலுக்கு வர கி.மு. 45இல் தொடங்கி கி.பி. 1923 வரை ஆனது. காரணம், காலண்டர் எந்தக் காலத்திலும் கணக்குத் தெரிந்தவர்கள் கையில் இருந்ததில்லை. ஒன்று பூசாரி கையில் இருக்கும், இல்லாவிட்டால் ராஜா கையில்.

சரி, பிப்ரவரிக்கு வருவோம். ஜூலியஸ் சீசருக்கு முந்தைய ரோமானிய வருடத்துக்கு 355 நாள். ரோமர்களுக்கு இரட்டைப்படை எண் ஆகாது. நாம் மொய் எழுதும்போது 500 வைக்காமல் 501 வைக்கிறோமே, அந்த மாதிரி. அதனால் மாதங்களுக்கு 31 அல்லது 29 என்று வைத்தார்கள். மார்ச், மே, இன்றைய ஜூலை, அக்டோபர் ஆகிய நான்குக்கும் 31, ஏழு மாதங்களுக்கு 29. ஆனால் பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும், என்ன செய்தாலும் தப்பிக்க முடியாது. மொத்தமும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மாதம் பலியாக வேண்டும். முன்னோர்களுக்கான சடங்குகளும் தீட்டுக்கழிப்பும் நடக்கிற மாதம் பிப்ரவரி, அதன் தலையில் 28ஐக் கட்டினார்கள். அகஸ்டஸ் சீசர் தன் பெயர்கொண்ட மாதத்துக்கு 31 நாள் வேண்டுமென்று பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைத் திருடிக்கொண்டார் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது பாருங்கள், அது 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதிவைத்த கட்டுக்கதை. அகஸ்டஸ் பிறப்பதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே பிப்ரவரிக்கு 28தான்.

355 நாள் வருடம் பருவத்துக்குப் பத்து நாள் குறைவு. அதை ஈடுகட்ட, சில வருடங்களில் பிப்ரவரியை 23ஆம் தேதியோடு அல்லது 24ஆம் தேதியோடு நறுக்கிவிட்டு, அதன் பின்னால் 27 நாளில் ஒரு கூடுதல் மாதத்தைச் சொருகினார்கள். 23ஆம் தேதி எல்லைத் தெய்வத்துக்கான திருநாள், பழைய கணக்கில் வருடம் மார்ச்சில் தொடங்கியதால் பிப்ரவரி வருடக் கடைசி, ஆக சொருகுவதற்கு அதுதான் தோதான இடம். இன்றைக்கும் லீப் நாள் பிப்ரவரியில் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் மூலம்.

எந்த வருடத்தில் சொருகுவது என்று அறிவிக்கிற உரிமை தலைமைப் பூசாரிகள் குழுவுக்கு இருந்தது. அந்தப் பூசாரிகள் கோயிலே கதியென்று கிடந்தவர்கள் இல்லை, எல்லோரும் முழுநேர அரசியல்வாதிகள். பதவிகளோ ஒரு வருடப் பதவிகள். நம் ஆள் பதவியில் இருந்தால் கூடுதல் மாதம் உண்டு, எதிரி இருந்தால் கிடையாது. கி.மு. 51இல் சிசெரோ என்ற ரோமானிய அரசியல்வாதி சிலிசியா என்ற மாகாணத்துக்கு விருப்பமில்லாமல் ஆளுநராகப் போனார், இன்றைய துருக்கியின் தென்கரை அது. அங்கிருந்து ரோமில் இருந்த நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், இந்த வருடம் கூடுதல் மாதம் அறிவித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என் பதவிக்காலம் நீண்டுவிடப் போகிறது என்று கெஞ்சுகிறார். இந்த வருடத்துக்கு எத்தனை நாள் என்பது ஒரு பெரிய மனிதருக்கே தெரியாத நிலை.

கி.மு. 63 முதல் தலைமைப் பூசாரியாக இருந்தவர் வேறு யாருமில்லை, ஜூலியஸ் சீசர்தான். அவர் காலியாவில், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், போரிடப் போனார், அப்புறம் உள்நாட்டுப் போர், சொருக வேண்டிய மாதங்கள் சொருகப்படாமலே போயின. அறுவடைத் திருவிழா அறுவடைக் காலத்தில் வரவில்லை, திராட்சைத் திருவிழாவும் அப்படியே. கடைசியில் கி.மு. 46இல் சீசர் பாக்கியை மொத்தமாகத் தீர்த்தார். வழக்கம்போல் பிப்ரவரிக்குப் பின் ஒரு கூடுதல் மாதம், அது போதாதென்று நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் இரண்டு மாதங்கள், ஆக அந்த வருடத்துக்கு மட்டும் 445 நாள். அடுத்த வருடம் ஜனவரி 1 முதல் புதுக் கணக்கு. வருடத்துக்கு 365 நாள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல், யார் அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். என்னைக் கேட்டால் சீசர் செய்த சீர்திருத்தத்தின் சாரம் அந்தக் கடைசி விஷயம்தான்.

கூடிய பத்து நாளை எப்படிப் பங்கிட்டார்கள் என்று பாருங்கள். ஜனவரிக்கும் டிசம்பருக்கும் இன்றைய ஆகஸ்டுக்கும் தலா இரண்டு, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பருக்குத் தலா ஒன்று. பத்து தீர்ந்தது. பிப்ரவரியை யாரும் தொடவில்லை, பித்ரு காரியங்கள் நடக்கிற மாதத்தில் கை வைக்கப் பயம். இன்று உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற 30, 31 எல்லாம் அன்று போட்ட பங்குதான்.

இந்தக் கணக்கு சீசரின் கண்டுபிடிப்பும் இல்லை. அலெக்சாந்திரியாவின் சோசிஜெனெஸ் என்ற வானியலாளர் சொல்லிக்கொடுத்தது. எகிப்தில் அதற்கு இருநூறு வருடம் முன்பே, கி.மு. 238இல், நான்கு வருடத்துக்கு ஒரு நாள் சேர்க்க வேண்டும் என்று மூன்றாம் தாலமி காலத்தில் கல்லில் வெட்டியே வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை, 365 நாள் வருடமே தொடர்ந்தது. ரோமில் சீசர் சொன்னதால் கேட்டார்கள். பிடிக்காதவர்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். நாளை யாழ் நட்சத்திரக் கூட்டம் உதிக்கும் என்று யாரோ சொன்னபோது, ‘ஆமாம், உத்தரவுப்படி’ என்றாராம் சிசெரோ. புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்.

சீசரை கி.மு. 44 மார்ச்சில் கொன்றுவிட்டார்கள். நடைமுறை மறுபடி பூசாரிகள் கைக்குப் போனது, அவர்கள் உடனே சொதப்பினார்கள். ரோமர்கள் எண்ணும்போது தொடங்குகிற நாளையும் சேர்த்து எண்ணுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையை ஒன்று என்று வைத்தால் அடுத்த ஞாயிறு எட்டாவது நாள் ஆகிறதல்லவா, அந்த எண்ணிக்கை. ‘நான்காம் வருடந்தோறும்’ என்று விதியில் இருந்ததைப் பூசாரிகள் இந்த முறையில் எண்ணி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீப் நாள் சேர்த்துக்கொண்டே போனார்கள். 36 வருடத்தில் 9 சேர்க்க வேண்டிய இடத்தில் 12 சேர்த்தாயிற்று. கி.மு. 8 வாக்கில் அகஸ்டஸ் கண்டுபிடித்து, கணக்கு நேராகும்வரை லீப் நாளே வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். ஆக நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்ற எளிய விதி ஒழுங்காக ஓடத் தொடங்கியதே கி.பி. முதல் நூற்றாண்டில்தான்.

அப்புறம் அந்த 11 நிமிடம். அது சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே வந்தது. விவசாயிக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை, தேவாலயத்துக்குத்தான் தலைவலி. ஈஸ்டர் என்பது வசந்தகாலச் சம பகலிரவு நாளை ஒட்டிய பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அந்தச் சம பகலிரவு நாளை மார்ச் 21 என்று சபை நிலையாக வைத்துக்கொண்டது. வானத்திலோ அது பின்னோக்கி நகர்ந்து 16ஆம் நூற்றாண்டில் மார்ச் 11க்கு வந்திருந்தது. ரோஜர் பேக்கன் என்ற துறவி 1267 வாக்கிலேயே இது வெட்கக்கேடு என்று போப்பாண்டவருக்கு எழுதிவிட்டார். எழுதி முந்நூறு வருடம் கழித்துக் காரியம் நடந்தது.

கடைசியில் வழி சொன்னவர் லூயிஜி லிலியோ என்ற தெற்கு இத்தாலிய மருத்துவர். 400 வருடத்துக்கு மூன்று நாள் வெட்டும் யோசனை அவருடையது. அது ஏற்கப்படும்முன் 1576இல் இறந்துவிட்டார், தம்பி அன்டோனியோதான் அந்தக் கையெழுத்துப் பிரதியை ரோமில் கொடுத்தார். கிளேவியஸ் என்ற ஜெசுவிட் கணித அறிஞர் அதைத் தூக்கிப் பிடித்து விளக்கம் எழுதினார். பெயர் மட்டும் போப் பதின்மூன்றாம் கிரிகோரிக்குப் போனது. 1582 பிப்ரவரி 24 அன்று ஆணை, அந்த அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. நடுவில் பத்து தேதிகள் இல்லை, கிழமை மட்டும் வரிசை மாறவில்லை. ஸ்பெயினின் அவிலா தெரேசா அந்த அக்டோபர் 4 இரவில்தான் இறந்தார், மறுநாள் அடக்கம் செய்தார்கள், அந்த மறுநாளின் தேதி 15. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15தான்.

கத்தோலிக்க நாடுகள் சீக்கிரம் மாறிக்கொண்டன. புராட்டஸ்டண்டு நாடுகளுக்கு, போப் சொல்லி சூரியனோடு ஒத்துப்போவதைவிடச் சூரியனோடு முரண்படுவதே மேலாகத் தெரிந்தது. டென்மார்க் 1700இல் மாறியது. இங்கிலாந்து 1752 வரை இழுத்தது.

இந்த இழுபறி நம் கடற்கரை வரைக்கும் வந்தது. 1700க்குப் பிறகு தரங்கம்பாடியில் இருந்த டேனியர்களுக்குப் புதுக் காலண்டர், சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்குப் பழைய காலண்டர், வித்தியாசம் 11 நாள். தரங்கம்பாடியில் 1710 மார்ச் 12 என்று தேதியிட்ட ஒரு கடிதம் ஏழு நாள் பயணம் செய்து சென்னை வருகிறது என்று வையுங்கள், கோட்டையில் அன்று மார்ச் 8. எழுதுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அதுவும் 1709ஆம் வருட மார்ச் 8, ஏனென்றால் ஆங்கிலேயச் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்களே, அந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. அப்போது புதுச்சேரியில் தினப்படி நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது அட்சய வருடம் புரட்டாசி மாதம். மூவருக்கும் பொதுவாக இருந்தது புதன்கிழமை ஒன்றுதான். சென்னை வரலாறு படிக்கிறவர்கள் ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதி பார்த்துக் குழம்பினால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

1752இல் இங்கிலாந்து செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று தாண்டியது. எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என்பது பாடப்புத்தகம் வரை போய்விட்ட கதை, அப்படி ஒரு கலவரம் நடந்ததற்கு ஆதாரமில்லை. ஓவியர் ஹோகார்த் வரைந்த தேர்தல் கேலிச் சித்திரத்தில் கிடக்கும் ஒரு பதாகையைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெரிதாக்கியது.

எல்லாரையும்விட வேடிக்கை சுவீடன். ஒரே தாவாகத் தாண்ட வேண்டாம், 1700 முதல் 1740 வரை வருகிற லீப் நாட்களை விட்டுக்கொண்டே வந்தால் வலிக்காமல் சேர்ந்துவிடலாம் என்று திட்டம். 1700இல் விட்டார்கள். அப்புறம் போர் வந்தது, 1704இலும் 1708இலும் விட மறந்துபோனார்கள். இப்போது பழைய காலண்டரோடும் ஒட்டவில்லை, புதியதோடும் ஒட்டவில்லை, உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு தேதியில் நாடு ஓடிக்கொண்டிருந்தது. வெறுத்துப்போய்ப் பழையதற்கே திரும்ப முடிவு செய்து, 1712 பிப்ரவரியில் இரண்டு நாள் கூட்டினார்கள். அந்த வருடம் சுவீடனில் பிப்ரவரி 30 இருந்தது. பிறகு 1753இல் எல்லாரையும்போல ஒரே தாவாகத் தாண்டினார்கள். ரஷ்யா 1918இலும் கிரீஸ் 1923இலும் வந்து சேர்ந்தன. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7இல் கொண்டாடியதற்கும் இதுவே காரணம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகாவது ஒழுங்கானதா என்றால், எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று அடித்துத் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிப்ரவரி 29, 1900 என்று காட்டும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900ஐ லீப் வருடமாக வைத்திருந்தது, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று மைக்ரோசாஃப்ட் அந்தத் தவறையும் அப்படியே எடுத்துக்கொண்டது, இன்றுவரை திருத்தவில்லை. இப்போது திருத்தினால் உலகத்தில் உள்ள கணக்குப்புத்தகம் எல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும்.

இனி நம் பஞ்சாங்கம். அதில் லீப் வருடம் என்ற பெயர்தான் இல்லை, லீப் நாள் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருடம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை (நாழிகை என்பது 24 நிமிடம், பஞ்சாங்க விநாடி அதில் அறுபதில் ஒன்று, தற்பரை விநாடியில் அறுபதில் ஒன்று). சூரியன் மேஷத்தில் நுழைவது சூரிய அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே சித்திரை 1, பின் என்றால் மறுநாள். இந்த வருடம் சூரியோதயத்திலிருந்து 10 நாழிகையில், அதாவது காலை 10 மணிக்கு நுழைந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் இருபத்தைந்தரை நாழிகை, மாலை நாலேகால், அன்றே சித்திரை 1. அதற்கடுத்த வருடம் 41 நாழிகை, இரவு பத்தரை மணி வாக்கில். அஸ்தமனம் தாண்டிவிட்டது, சித்திரை 1 மறுநாளுக்குப் போகிறது, முந்தைய வருடத்துக்கு 366 நாள் ஆகிவிட்டது. விதி எழுதி வைக்காமலே, ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை தானாக நடக்கும். மாதங்களும் இப்படியே, சூரியன் ராசி மாறினால் மாதம் மாறும். ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனுக்குத் தொலைவில் மெதுவாக நகர்வதால் ஆனிக்கு 32 நாள் வரை போகிறது, ஜனவரி தொடக்கத்தில் அருகில் வேகமாக நகர்வதால் மார்கழி 29 நாளில் முடிந்துவிடுகிறது. பூசாரி அறிவிக்க வேண்டியதில்லை, போப் ஆணையிட வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் நம் முறை அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ‘அப்பவே துல்லியம், வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே’ என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சாங்க வருடம் நட்சத்திரங்களை வைத்து அளப்பது, பருவங்களை வைத்து அல்ல. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திர வருடம் பருவ வருடத்தைவிட 20 நிமிடம் நீளம், வாக்கிய வருடம் அதற்கும் மேல் இன்னும் மூன்று நிமிடம் நீளம். கூட்டிப் பார்த்தால் சுமார் 60 வருடத்துக்கு ஒரு நாள், அதாவது பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்றுக்கு ஒரு நாள், பருவத்தை விட்டு விலகுகிறோம். ஜூலியன் காலண்டரின், அதாவது சீசர் போட்ட பழைய கணக்கின், பிழை 128 வருடத்துக்கு ஒரு நாள்தான், நம்முடையது அதில் இரண்டு மடங்கு. ஆரியபட்டர் காலத்தில் சித்திரைப் பிறப்பும் சம பகலிரவு நாளும் ஒட்டி இருந்தன. 1746இல் சித்திரை 1 ஏப்ரல் 9, 10 வாக்கில் வந்தது. இப்போது 14. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்று மகர சங்கராந்தி. இப்போது பொங்கல் 14 அல்லது 15.

இதைச் சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. 1952இல் இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அது பருவத்தோடு ஒட்டிய சக ஆண்டுக் காலண்டரை உருவாக்க, 1957 மார்ச் 22 முதல் அரசு நடைமுறைக்கு வந்தது. லீப் வருடத்தில் அதன் சைத்திர மாதத்துக்கு 30க்குப் பதில் 31 நாள். மதப் பண்டிகைகளைக் குறித்தும் அந்தக் குழு ஒரு நடுவழி சொன்னது, நகர்ந்தது நகர்ந்ததாகவே இருக்கட்டும், மேலும் நகராமல் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம் என்று. அரசிதழின் தலைப்பில் இன்றும் சகத் தேதி அச்சாகிறது, பஞ்சாங்கக்காரர்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இப்படியே போனால், 2100 லீப் வருடம் இல்லை என்பதால் கிரிகோரியன் தேதி ஒரு நாள் தள்ளிவிடும், 2101 முதல் பொங்கல் பெரும்பாலும் ஜனவரி 16.